பைண்டிங் கடையிலிருந்து வந்த விஞ்ஞானி: மைக்கேல் பாரடே

லண்டன் மாநகரில் பிளாண்ட்போர்டு தெரு என்று ஒரு தெரு. அங்கே ரீபோ என்பவர் புத்தகக் கடை வைத்திருந்தார். பிரான்சு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். புத்தகம் விற்பார். பைண்டு செய்து கொடுப்பார். செய்தித்தாள்களை வாடகைக்கும் விடுவார்.

1804-ம் ஆண்டில் அந்தக் கடைக்கு எடுபிடி வேலை செய்ய ஒரு பையன் வந்து சேர்ந்தான். காலையில் செய்தித்தாள்களை எடுத்துக்கொண்டு வாடிக்கைக்காரர்களின் வீட்டுக்கு ஓட வேண்டும். ஒரு வீட்டில் படித்து முடித்ததும் அதைத் திரும்ப வாங்கி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் செய்தித்தாள் விலை அதிகம். சொந்தமாக வாங்க முடியாதவர்கள் இப்படி வாடகைக்குப் படித்தார்கள்.

கால் தேய ஓடிய அந்தப் பையன்தான் மைக்கேல் பாரடே.

காந்தத்திலிருந்து மின்சாரத்தை உண்டாக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். பைக்காராவில் மலையிலிருந்து விழும் தண்ணீர் மின்சாரமாக மாறுவதும், மேட்டூரில் மாறுவதும் அவர் கண்ட வழியிலேதான்.

இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தவருக்குப் பள்ளிப் படிப்பு கிடையாது. நாக்கில் குறை. நினைவாற்றல் மட்டம். கணக்குப் பாடமோ கடைசிவரை வரவே இல்லை. பிறகு எப்படிச் சாதித்தார்?

கருமான் வீட்டுப் பிள்ளை

1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, அந்நாளில் லண்டனுக்கு வெளியே இருந்த நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் மைக்கேல் பிறந்தான். தகப்பனார் ஜேம்ஸ், கருமான் வேலை செய்தவர். அடிக்கடி நோயில் படுத்துவிடுவார். பட்டறைக்குப் போகாத நாளில் கூலி ஏது? வீட்டில் பிள்ளைகள் நான்கு பேர்.

1801-ம் ஆண்டில் இங்கிலாந்தில் தானிய விலை தாறுமாறாக ஏறியது. ஒன்பது வயது மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று தாயார் அளந்து கொடுத்தார். ஏழு நாளைக்கு ஒரே ரொட்டி! முதல் நாளே தின்றுவிட்டால் ஆறு நாள் பட்டினி. இருப்பதைப் பங்குபோட்டு நாளுக்குக் கொஞ்சமாகச் செலவழிக்கும் வித்தையைப் பையன் அப்போதே கற்றுக்கொண்டான் போலும்.

பள்ளிக்கூடத்தில் அவன் படித்தது எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான். அதுவும் சுகமாக நடக்கவில்லை. அவனுக்கு ‘ர’ என்ற ஒலி வாயில் வராது. அண்ணன் ராபர்ட்டின் பெயரை வாபர்ட் என்பான். ஆசிரியைக்குக் கோபம் வந்தது. அண்ணன் கையிலேயே காசைக் கொடுத்து, தம்பியை அடிக்கப் பிரம்பு வாங்கி வரச் சொன்னாராம். அண்ணன் அந்தக் காசைச் சுவருக்கு அப்பால் வீசி எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடினான். தாயார் வந்து இரண்டு பிள்ளைகளையும் அந்தப் பள்ளியிலிருந்தே அழைத்துப் போய்விட்டார் என்று சொல்கிறார்கள்.

இந்த நாக்குதான் பிற்காலத்தில் லண்டன் பிரபுக்களை மணிக்கணக்கில் கட்டிப்போட்டது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

செய்தித்தாள் போட்ட பையன் ஓராண்டில் முதலாளியின் நம்பிக்கையைப் பெற்றான். 1805-ம் ஆண்டு அக்டோபரில் ஏழு வருஷம் பைண்டிங் வேலை பழக ஒப்பந்தம் எழுதினார்கள். வேலை பழக வருகிறவன் முதலாளிக்குப் பணம் கட்டுவது அந்நாளைய வழக்கம். பையன் உண்மையாக உழைத்திருக்கிறான் என்று குறிப்பிட்டு, ரீபோ அந்தப் பணத்தை வாங்காமல் விட்டுவிட்டார்.

பைண்டு செய்ய வந்த புத்தகங்கள்

பைண்டிங் கடையில் எத்தனையோ பையன்கள் வேலை பழகியிருக்கிறார்கள். தாளை மடிப்பார்கள், தைப்பார்கள், பசை தடவுவார்கள், அட்டை போடுவார்கள். உள்ளே என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. மைக்கேல் பார்த்தான். பகலில் பைண்டு செய்ததை இரவில் படித்தான்.

ஒரு நாள் பிரிட்டானிகா கலைக்களஞ்சியம் கைக்கு வந்தது. அதில் மின்சாரம் பற்றி நீண்ட கட்டுரை. இன்னொரு நாள் மார்செட் அம்மையார் என்பவர் இரசாயனத்தைப் பற்றி எளிய நடையில் எழுதிய புத்தகம் வந்தது. அதில் கண்ட சோதனைகளைக் கைக்காசுக்குள் அடங்குகிற வரையில் பையன் தானே செய்து பார்த்தான். ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்து மின்சாரம் உண்டாக்கும் கருவி ஒன்றையும் செய்தான். ரீபோ தடுக்கவில்லை. வேலையைக் கவனி என்று அவர் விரட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மூன்றாவதாக ஒரு புத்தகம். ஐசக் வாட்ஸ் என்ற பாதிரியார் 1741-ல் வெளியிட்டது. அறிவை வளர்த்துக்கொள்வது எப்படி என்பது அதன் பொருள். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. படிக்கும்போது குறிப்பு எடு. அறிஞர்கள் பேசும் இடத்துக்குப் போய்க் கேள். ஒத்த மனம் உள்ள நண்பனுக்குக் கடிதம் எழுதிப் பழகு. நாலு பேர் கூடி விவாதி. இந்த மாதிரி யோசனைகள்தான்.

இத்தகைய புத்தகங்களைப் படித்துவிட்டு மூடி வைப்பவர்களே அதிகம். மைக்கேல் அதை வேலைக்கு உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டான். ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்கினான்.

1809-ல் ஒரு குறிப்புப் புத்தகம் போட்டான். படித்ததில் முக்கியமானதை எல்லாம் அதில் எழுதினான். தனக்கு நினைவாற்றல் போதாது என்பது அவனுக்குத் தெரியும். நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் அதைப்பற்றி வருத்தப்பட்டிருக்கிறான். மூளையில் நிற்காததைக் காகிதத்தில் நிறுத்தினான்.

1810-ல் டாட்டம் என்பவர் தம் வீட்டில் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்துவதாக அறிந்தான். கட்டணம் தலைக்கு ஒரு ஷில்லிங். பைண்டிங் பழகும் பையனிடம் ஷில்லிங் ஏது? தகப்பனாரைப் போலவே கருமான் வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் ராபர்ட் கொடுத்தான். பிரம்புக்காசை வீசி எறிந்த அதே அண்ணன்! அந்த ஆண்டு அக்டோபரில்தான் தகப்பனார் காலமானார். குடும்பம் அந்தப் பாட்டிலும் அண்ணன் தம்பிக்காகக் காசு கொடுத்தான்.

அந்த ஷில்லிங்கை மைக்கேல் வீணாக்கவில்லை. சொற்பொழிவு நடக்கும்போது முக்கியமான சொற்களை மட்டும் குறித்துக்கொள்வான். வீட்டுக்கு வந்ததும் அவற்றை வைத்து இன்னும் விரிவாக ஒரு குறிப்பு. அதிலிருந்து முழுச் சொற்பொழிவையும் கரட்டுப் பிரதியாக எழுதுவான். பிறகு சுத்தப் பிரதி. ஆக ஒரே சொற்பொழிவு நான்கு தடவை அவன் கையால் எழுதப்படும்! கருவிகளின் படத்தையும் வரைய வேண்டுமே? ரீபோவின் வீட்டில் மாஸ்கேரியே என்ற பிரெஞ்சு ஓவியர் குடியிருந்தார். அவரிடம் படம் வரையவும் கற்றுக்கொண்டான். எல்லாம் சேர்ந்து நான்கு தொகுதிகள் ஆயின. பைண்டிங்? அதைச் சொல்லவும் வேண்டுமா!

மணிக்கூண்டுக்கு மேலே ஓர் இடம்

டான்ஸ் என்பவர் ரீபோ கடையின் வாடிக்கைக்காரர். ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற விஞ்ஞான நிலையத்தில் அங்கத்தினர். பையனின் குறிப்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வியந்தார். அந்த நிலையத்தில் சர் ஹம்ப்ரி டேவி பேசவிருந்த கடைசி நான்கு சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். 1812-ம் ஆண்டு அது.

டேவி அந்நாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த இரசாயன விஞ்ஞானி. பேச்சிலே மன்னன். சீமான்களும் சீமாட்டிகளும் கூட்டம் கூட்டமாக வருவார்கள். மைக்கேல் மாடியில் கடிகாரத்துக்கு மேலே இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டான். வழக்கம்போல் குறிப்பு எடுத்தான். வழக்கம்போல் விரித்து எழுதினான், படம் போட்டான், பைண்டு செய்தான். முந்நூறு பக்கத்துக்கு மேல் வந்தது.

ராயல் சொசைட்டியின் தலைவர் சர் ஜோசப் பாங்க்ஸுக்கு வேலை கேட்டு எழுதினான். பதில் வரவே இல்லை. அக்டோபரில் ஏழு வருஷ ஒப்பந்தம் முடிந்தது. இன்னொரு முதலாளியிடம் பைண்டராகச் சேர்ந்தான். மனம் அதில் ஒட்டவில்லை. டிசம்பரில் துணிந்து டேவிக்கே எழுதினான். தான் பைண்டு செய்த தொகுதியையும் கூட அனுப்பினான்.

டேவி கூப்பிட்டுப் பேசினார். புகழ்ந்தார். ஆனால், விஞ்ஞானத்தை நம்பி வயிறு வளர்ப்பது கஷ்டம், பைண்டிங்கையே பார்த்துக்கொள் என்று புத்தி சொல்லி அனுப்பிவிட்டார். நிலையத்தின் பைண்டிங் வேலையை அவனுக்கே தருவதாகவும் சொன்னார்.

சில வாரத்தில் நிலையத்தில் ஒரு தகராறு. சோதனைச் சாலை உதவியாள் ஒருவன் கைகலப்பில் இறங்கி வேலையை இழந்தான். டேவிக்கு அந்தத் தொகுதி ஞாபகம் வந்தது. 1813-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி மைக்கேல் பாரடே உதவியாளராக நியமிக்கப்பட்டார். வாரம் 25 ஷில்லிங் சம்பளம். மாடியில் இரண்டு அறை. அடுப்புக் கரியும் மெழுகுவர்த்தியும் இலவசம்.

பாரடேயின் கதையைச் சொல்பவர்கள் பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். கடைப் பையனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது, விஞ்ஞானி ஆகிவிட்டான் என்று முடித்துவிடுவார்கள். ஆனால் காந்தத்திலிருந்து மின்சாரம் பிறந்தது 1831-ல். இடையில் 18 வருஷம் கிடக்கிறது! உண்மையான கதை அந்தப் பதினெட்டு வருஷத்தில்தான் இருக்கிறது.

நாக்குக்குப் பயிற்சி

1813-ம் ஆண்டு அக்டோபரில் டேவி தம்பதிகள் ஐரோப்பாவில் சுற்றுப்பிரயாணம் கிளம்பினார்கள். பாரடேயும் உடன் போனார். கடைசி நேரத்தில் டேவியின் ஏவலாள் வர மறுத்துவிட்டான். அந்த வேலையும் பாரடேயின் தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். மனம் நொந்து நண்பர்களுக்கு எழுதினார். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். திரும்பவில்லை. பிரெஞ்சும் இத்தாலியமும் கற்றார். மிலானில் மின்கலத்தைக் கண்ட கிழவர் வோல்டாவைப் பார்த்தார். நாள் தவறாமல் டைரி எழுதினார். 1815-ல் லண்டன் திரும்பியபோது, கருமான் மகன் உலகம் பார்த்த மனிதராகிவிட்டார்.

சோதனைச் சாலையில் கை தேர்ந்துவிட்டது. நாக்கு?

மேடை ஏறும் ஆசை அவருக்கு முன்பே உண்டு. வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள், பேசுபவர்களின் குறை நிறைகளை ஆராய்ந்து, நண்பர் அபட்டுக்கு வரிசையாகக் கடிதங்கள் எழுதியிருக்கிறார். அரங்கில் காற்றோட்டம் வேண்டும்; பேசுபவர் கேட்பவர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது; ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. இதையெல்லாம் எழுதியபோது அவர் வயது 21. ஒரு மேடையிலும் ஏறியதில்லை. கருவியைத் துடைத்துக்கொண்டே பிறர் பேசுவதைக் கவனித்திருக்கிறார்.

1816-ம் ஆண்டு ஜனவரியில் டாட்டம் சங்கத்தில் முதல் முறையாகப் பேசினார். தம் குறை தமக்கே தெரிந்தது. 1818-ல் ஸ்மார்ட் என்ற பேச்சுக்கலை ஆசிரியரின் வகுப்புக்குப் போய் 133 பக்கம் குறிப்பு எழுதினார். பிறகு அவரிடமே தனிப்பாடம் கேட்டார். ஒரு பாடத்துக்கு அரை கினி. பாரடேயின் வருமானத்துக்கு அது பெரும் பணம்.

அதைவிடச் சுவையானது நண்பர்கள் கூட்டம். ஐந்தாறு பேர் வாரம் ஒரு மாலை கூடுவார்கள். ஒருவர் படிப்பார், மற்றவர்கள் உச்சரிப்பிலும் வாக்கியத்திலும் பிழை பிடிப்பார்கள். தாட்சணியம் கிடையாது. முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். பல வருஷம் இது நடந்தது. மக்ராத் என்ற நண்பர் மட்டும் ஏழு வருஷம் சளைக்காமல் பாரடேயின் பேச்சையும் எழுத்தையும் திருத்தினார். ஏழு வருஷம்! பைண்டிங் பழகியதும் ஏழு வருஷம்தான்.

புகழ் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஸ்மார்ட்டைத் தம் சொற்பொழிவுக்கே அழைத்து உட்கார வைத்துக் குற்றம் சொல்லச் சொன்னார். உற்சாகம் வந்தால் பாரடே வேகமாகப் பேசிவிடுவார். அதற்காக, மெதுவாக என்று எழுதிய ஓர் அட்டை மேஜைமேல் இருக்கும். அவர் அதை மறந்து ஓடினால் உதவியாளர் அந்த அட்டையை முன்னால் நகர்த்தி வைப்பார். மணி நெருங்கினால் நேரம் என்று இன்னோர் அட்டை வரும். கேட்டுக்கொண்டிருந்த சீமான்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்களோ!

1821-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி சாரா பர்னார்டு என்ற பெண்ணை மணந்தார். குழந்தைகள் இல்லை. சாண்டிமேனியர் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள் இருவரும். ஆடம்பரம் அவர்களுக்கு ஆகாது. நிலையத்தின் மாடியில் எளிய வாழ்க்கை.

அதே ஆண்டு செப்டம்பரில், மின்சாரம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலும்படி செய்து காட்டினார். உலகத்தின் முதல் மின்சார மோட்டார் என்று இதைச் சொல்லலாம். புகழோடு பழியும் வந்தது. உல்லாஸ்டன் என்ற விஞ்ஞானியின் எண்ணத்தைத் திருடிவிட்டதாகப் பேச்சு எழுந்தது. பாரடே அவசரப்பட்டு வெளியிட்டதும், உல்லாஸ்டனின் பெயரைக் குறிப்பிடாமல் விட்டதும் தவறுதான், திருட்டு இல்லை. 1824-ல் ராயல் சொசைட்டிக்கு அவரைத் தேர்ந்தெடுக்கும்போது, தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். ஆனாலும் எதிராக விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. டேவி பெரிய மேதை. இந்த விஷயத்தில் பெருந்தன்மை காட்டத் தவறிவிட்டார். பாரடே கடைசிவரை அவரை இழித்துப் பேசவில்லை.

கண்ணாடி உலை

பிறகு வந்தது சோதனையான காலம். தொலைநோக்கிக்கு ஏற்ற உயர்ந்த கண்ணாடி இங்கிலாந்திலேயே தயாரிக்க வேண்டும் என்று ராயல் சொசைட்டி முடிவு செய்தது. வேலை பாரடேயிடம் வந்தது. 1827-ல் நிலையத்துக்குள்ளேயே உலை கட்டினார்கள். ஆண்டர்சன் என்ற ஓய்வு பெற்ற பீரங்கிப்படை சார்ஜெண்ட் உதவிக்கு வந்தார். ஒரு நாள் அவரை வீட்டுக்குப் போகச் சொல்ல பாரடே மறந்துவிட்டாராம். காலையில் வந்து பார்த்தால், சார்ஜெண்ட் இரவு முழுவதும் உலைக்குத் தீப்போட்டபடி நின்றுகொண்டிருந்தாராம்!

வருஷக்கணக்கில் உழைத்தும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஈயம் கலந்த கனமான சில கண்ணாடித் துண்டுகள்தான் மிஞ்சின. அவற்றையும் பாரடே எறியாமல் வைத்துக்கொண்டார்.

1822-லேயே தம் குறிப்பேட்டில் ஒரு வேலையைக் குறித்து வைத்திருந்தார்: காந்தத்தை மின்சாரமாக மாற்ற வேண்டும். 1824-ல் முயன்றார். தோல்வி. 1825-ல் முயன்றார். தோல்வி. 1828-ல் மறுபடியும் தோல்வி. ஒவ்வொரு தோல்வியையும் தேதி போட்டு எழுதி வைத்தார்.

1831-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி. ஆறு அங்குல அகலமுள்ள ஓர் இரும்பு வளையம். அதன் ஒரு பக்கத்தில் செம்புக் கம்பிச் சுருள். எதிர்ப் பக்கத்தில் இன்னொரு சுருள். அந்நாளில் உறை போட்ட மின்கம்பி கடையில் கிடைக்காது. கம்பிகள் ஒன்றோடொன்று தொடாமல் இருக்க, நடுவே நூல் கயிறும் துணியும் வைத்துச் சுற்ற வேண்டும். நூலும் துணியும் பாரடேயின் விரல்களுக்குப் பழைய நண்பர்கள் ஆயிற்றே!

ஒரு சுருளை மின்கலத்தோடு இணைத்தார். மறு சுருளுக்கு அருகில் இருந்த காந்த ஊசி அசைந்தது, உடனே அடங்கிவிட்டது. இணைப்பை எடுத்தார். ஊசி மறுபடி அசைந்தது. மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்போது ஊசி சும்மா நின்றது. தொடங்கும்போதும் நிற்கும்போதும் மட்டும் துள்ளியது. இத்தனை வருஷம் தோற்றதன் காரணம் அதுதான். நிலையாக நிற்கும் காந்தத்திடம் மின்சாரம் கேட்டுக்கொண்டிருந்தார். மாற்றம் வேண்டும், அசைவு வேண்டும் என்பது இப்போது புலப்பட்டது.

அக்டோபர் 17-ல் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செருகியும் எடுத்தும் மின்சாரம் உண்டாக்கினார். 28-ந் தேதி பெரிய காந்தத்தின் முனைகளுக்கு இடையே செம்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ந்து மின்சாரம் எடுத்தார். டைனமோ பிறந்துவிட்டது. சோதனை நடந்த நாட்களைக் கூட்டினால் பத்து நாள்தான் வரும்.

மறதி

மின்சாரத்தால் பொருள்களைப் பிரிக்கும் விதிகளை 1830-களில் கண்டார். 1836 முதல் கலங்கரை விளக்கங்களைக் கவனிக்கும் டிரினிட்டி ஹவுஸுக்கும் ஆலோசகர் ஆனார். வெளியார் வேலையாகச் செய்து கொடுத்த இரசாயனப் பரிசோதனைகளில் நல்ல வருமானம் வந்துகொண்டிருந்தது. ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் என்று அதைப் படிப்படியாக விட்டுவிட்டார்.

1839-ம் ஆண்டு இறுதியில் உடம்பு உடைந்தது. தலைவலி, தலைச்சுற்றல். எல்லாவற்றிலும் மோசம், மறதி. சிறு வயதிலிருந்தே பலவீனமாக இருந்த நினைவாற்றல் அடியோடு சரியத் தொடங்கியது. வயது 48. ஆராய்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது.

1841-ல் மனைவி சாராவும் மைத்துனரும் அவரை ஸ்விட்சர்லாந்துக்கு அழைத்துப் போனார்கள். உடல் வலு குறையவில்லை. ஒரே நாளில் மலைப்பாதையில் 45 மைல் நடந்திருக்கிறார்! மூளைதான் ஒத்துழைக்கவில்லை. அங்கே ஓர் ஊரில் ஆணி அடிக்கும் பட்டறையைப் பார்த்து வெகுநேரம் ரசித்தார். கருமான் பட்டறை என்றாலே தமக்குப் பிரியம் என்றும், தம் தகப்பனார் கருமான் என்றும் டைரியில் எழுதினார்.

சாதாரண மனிதராக இருந்தால் விஞ்ஞான வாழ்க்கை அதோடு முடிந்திருக்கும். பாரடேயைக் காப்பாற்றியது பைண்டிங் கடையில் பழகிய பழக்கம். செய்ததை அன்றன்றே எழுதுவது. 1832 முதல் சோதனைக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பத்திக்கும் தொடர்ச்சியாக எண் போட்டு வந்தார். பழைய குறிப்பு வேண்டுமானால் எண்ணைப் பார்த்துப் புரட்டினால் போதும். தலையிலிருந்து போனதைத் தாளில் தேடி எடுத்துக்கொண்டார். கடைசிப் பத்தியின் எண் 16,041.

ஒரு முறை பல வாரம் பாடுபட்டுச் சில முடிவுகளைக் கண்டார். எழுதி வைக்கலாம் என்று பழைய ஏட்டைப் புரட்டினார். பல மாதங்களுக்கு முன்பே அதே சோதனைகளைச் செய்து, அதே முடிவுகளைத் தம் கையாலேயே எழுதியிருந்தார்! ஒன்றுமே நினைவில்லை. தம் கையெழுத்தை அந்நியன் எழுத்துப் போலப் பார்க்க நேர்ந்த அந்த நிமிஷத்தில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

ஆயினும் அந்த மனிதர்தான் 1845-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி மற்றொரு பெரிய உண்மையைக் கண்டார். காந்தத்துக்கும் ஒளிக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கப் பல பொருள்களின் வழியே ஒளியைச் செலுத்தினார். காற்றில் பலிக்கவில்லை, வேறு வகைக் கண்ணாடிகளிலும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரு பழைய துண்டை எடுத்து வைத்தார். ஒளியின் அதிர்வுத் தளம் காந்தத்தால் திரும்பியது! அந்தத் துண்டு எது தெரியுமா? பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பயனற்றது என்று முடிந்துபோன உலையில் வார்த்த ஈயக் கண்ணாடி.

கணக்கு மட்டும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. காந்தத்தைச் சுற்றிக் கோடுகள் பரவியிருப்பதாக மனக்கண்ணால் கண்டு அதையே சொன்னார். கணித நிபுணர்கள் பலர் அலட்சியம் செய்தார்கள். மாக்ஸ்வெல் என்ற இளைஞர் அந்தக் கோடுகளைக் கணிதமாக்கினார். 1857-ல் அவருக்குப் பாரடே எழுதிய கடிதம் நயமானது. கணிதத்தில் கண்ட முடிவுகளை என்னைப் போன்றவர்களுக்கு விளங்கும் சாதாரண மொழியிலும் சொல்லக் கூடாதா என்று கேட்டிருந்தார். அப்போது பாரடேக்கு வயது 66, மாக்ஸ்வெல்லுக்கு 26.

மெழுகுவர்த்தியும் பனியும்

கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்காக நிலையத்தில் சொற்பொழிவு நடத்தும் வழக்கம் 1825-ல் தொடங்கியது. அதில் பாரடே மட்டும் 19 வருஷம் பேசினார். கடைசியாக 1860-ம் ஆண்டு டிசம்பரில் எடுத்துக்கொண்ட பொருள், ஒரு மெழுகுவர்த்தி. அது எப்படி எரிகிறது, என்ன ஆகிறது என்று ஆறு சொற்பொழிவு. பள்ளிக்கூடம் விரட்டிய நாக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொன்னது. அது புத்தகமாக வந்து பல மொழிகளில் பரவியது.

அதே 1860-ம் ஆண்டு பிப்ரவரியில் சவுத் போர்லண்டு கலங்கரை விளக்கத்தைப் பார்வையிடப் போனார். வழியெல்லாம் பனி மூடிக் கிடந்தது. வண்டி போகவில்லை. அறுபத்தெட்டு வயதுக் கிழவர் வேலிகளைத் தாண்டி, வயல்களில் இறங்கி நடந்தே போய்ச் சேர்ந்தார். விளக்கு ஒழுங்காக எரிகிறதா என்று பார்த்தார். அது மின்சார விளக்கு. காந்தத்தின் அருகே கம்பிச் சுருளைச் சுழற்றி உண்டாக்கிய மின்சாரம்.

வீரத்திருமகன் பட்டமான சர் பட்டத்தை மறுத்தார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியை இரண்டு முறை மறுத்தார். 1858-ல் விக்டோரியா ராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் கொடுத்த வீட்டை மட்டும் ஏற்றார்.

1862-ல் பாசல் நகரத்தில் இருந்த நண்பர் ஷான்பைனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதுகிற கடிதங்களையெல்லாம் கிழித்துப் போடுவதாகவும், எழுதுவது அர்த்தமில்லாமல் போவதாகவும், சொல்லுக்கு எழுத்துக்கூட்டவும் முடியவில்லை என்றும் தெரிவித்தார். ஒரே சொற்பொழிவை நான்கு தடவை எழுதிய கை அது. அந்த ஆண்டு ஜூன் 20-ந் தேதி நிலையத்தில் கடைசி முறையாகப் பேசினார்.

1867-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி படிப்பறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனுக்கு அருகில் அடக்கம் செய்யும் பெருமை அவருக்குக் கிடைத்திருக்கும். வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். ஹைகேட் இடுகாட்டில் நெருங்கிய சிலர் மட்டும் கூடி அடக்கம் செய்தார்கள். கல்லில் பெயரும், பிறந்த தேதியும், இறந்த தேதியும் இருக்கின்றன. எண் போட்ட குறிப்பேடுகளை ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கே எழுதி வைத்திருந்தார். அவை இன்றும் அங்கே பத்திரமாக இருக்கின்றன.